வீட்டு ஹை-ஃபையில் டிஜிட்டல் ஃபில்டரை எந்த இடத்தில் வைப்பது?

நல்ல ஸ்பீக்கரும், எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றும் டிஏசி என்ற கருவியும் வாங்கி வீட்டில் பொருத்தியவுடன் புதியவர்களைத் திணற வைப்பது மெனுக்கள்தான். டிஏசியில் ஐந்தாறு ஃபில்டர்கள் இருக்கின்றன. கணினியில் பாட்டை ஓட்டும் மென்பொருளில் அப்சாம்ப்ளிங் என்றொரு பொத்தான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் அறைத் திருத்தம், கைப்பேசிச் செயலியில் ஈக்வலைசர், ஸ்பீக்கரின் பின்புறத்தில் ‘பாஸ்’ என்றொரு சுவிட்ச். எல்லாமே ஒலியை மேம்படுத்துவதாகச் சொல்கின்றன. எல்லாவற்றையும் போட்டுவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி குழைந்துபோகிறது, தம்புரா சுவரில் இருந்து கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்தில் கர்நாடக இசைப் பதிவுகளைக் கேட்பதற்காகவே கருவி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. டிஜிட்டல் ஃபில்டர் என்று ஒரே பெயரில் வழங்கினாலும், வீட்டுக் கருவியில் நடப்பது மூன்று தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் ஒன்றுதான் உண்டு. அந்த இடத்தில் ஒரு தடவை செய்யுங்கள், மற்ற எல்லா இடங்களிலும் அணைத்துவிடுங்கள். என் கட்சி இதுதான்.

முதல் வேலை, எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றும்போது அதோடு சேர்ந்து வரும் வேண்டாத நிழல் அலைகளை நீக்குவது. இரண்டாவது, உங்கள் அறை செய்யும் குளறுபடியைச் சரிசெய்வது. மூன்றாவது, ஸ்பீக்கருக்கும், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்-ஊஃபருக்கும் ஒலியைப் பங்கிட்டு அனுப்புவது. முதல் வேலையைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள், காதுக்கு மிகக் குறைவாகத் தெரிவதும் அதுதான். இரண்டாவதைப் பற்றிப் பேச்சு குறைவு, ஆனால் ஒலியைத் தலைகீழாக மாற்றுவது அதுதான்.

முதல் படி: டிஏசியின் ஃபில்டரை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்

சிடியில் ஒவ்வொரு நொடிக்கும் 44,100 மாதிரிகள், அதாவது ஒலியலையை அளந்த எண்கள், பதிவாகியிருக்கின்றன. அதில் அடங்கக்கூடிய உச்ச அதிர்வெண் 22.05 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேலே இசையின் நிழல்கள் வரிசையாக நிற்கும். 20 கிலோஹெர்ட்ஸ் வரை இசையை அப்படியே விட்டு, 22-ஐத் தாண்டியதும் வெட்டிவிட வேண்டும். இந்தச் சிறிய இடைவெளியில் வெட்டுவதுதான் கடினம்.

1982-இல் வந்த சோனி சிடிபி-101 இந்த வெட்டைச் செங்குத்தான அனலாக் ஃபில்டரால் செய்தது. அதே தலைமுறையைச் சேர்ந்த பிலிப்ஸ் சிடி100 வேறு வழியில் போனது. மாதிரி வேகத்தை நான்கு மடங்காக்கி, 176.4 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி, வெட்டும் வேலையின் பெரும்பகுதியை டிஜிட்டலிலேயே முடித்துக்கொண்டது. அதன் பிறகு அனலாக்கில் ஒரு மென்மையான ஃபில்டர் போதுமானதாக இருந்தது. இன்றைய டிஏசி சில்லுகள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போகின்றன. எட்டு மடங்கு உயர்த்துவது சாதாரணம். அதாவது, இந்த ஃபில்டருக்கு இடம் ஏற்கெனவே டிஏசிக்குள் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மெனுவில் மூன்று வகைப் பெயர்களைப் பார்ப்பீர்கள். கூர்மையான லீனியர் ஃபேஸ் என்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை சமமாக வைத்து, பிறகு சட்டென வெட்டும். மினிமம் ஃபேஸ் அதே வெட்டைச் செய்யும்; அடிக்கு முன்னால் வரும் மெல்லிய அதிர்வை நீக்கி, எல்லா அதிர்வையும் அடிக்குப் பின்னால் தள்ளிவிடும். மென்மையாகச் சரியும் ஸ்லோ ரோல்-ஆஃப் சற்று முன்னதாகவே குறையத் தொடங்கி, நிழலில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். ஃபில்டரே இல்லாத வகை டிஏசிகளும் விற்கின்றன. அவற்றில் 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபெல் குறைந்துவிடும். இனிமையாக இருக்கிறது என்று சிலர் சொல்வதற்கு அந்தச் சரிவும் ஒரு காரணம்.

கூர்மையான லீனியர் ஃபேஸை வைத்துக்கொள்ளுங்கள். முன்னதிர்வைப் பற்றிப் படித்துக் கவலைப்பட வேண்டாம். அது நிகழ்வது 22 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. நாற்பது வயதைக் கடந்த பலருக்கு 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதே அரிது. விருப்பமிருந்தால் மினிமம் ஃபேஸைப் போட்டு ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள், பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அதற்கு மேல் இதில் நேரம் செலவழிப்பது வீண்.

பிளேயர் மென்பொருளில் மாதிரி வேகத்தை உயர்த்தும் அப்சாம்ப்ளிங்? அது இதே வேலையைக் கணினிக்கு மாற்றுகிறது. சாக்ஸ், ஹெச்க்யூபிளேயர் போன்றவை இதை மிகத் துல்லியமாகச் செய்யும். உங்கள் டிஏசியின் ஃபில்டர் உண்மையிலேயே மோசமாக இருந்தால் பயன் உண்டு. செய்வதாக இருந்தால் 44.1-ஐ 176.4 அல்லது 352.8 என்று முழு மடங்கில், டிஏசி ஏற்கும் உச்சத்துக்கு உயர்த்துங்கள். பாதியில் 88.2-இல் நிறுத்தினால் மீதி மடங்குகளை டிஏசி தன் ஃபில்டரால் செய்யும், ஒரே வேலை இரண்டு இடத்தில் நடக்கும். தொடக்கத்தில் இதை அணைத்தே வையுங்கள்.

இரண்டாம் படி: பாதையைச் சுத்தம் செய்யுங்கள்

ஃபில்டர் போடுவதற்கு முன்னால், நீங்கள் கேட்காமலேயே யாரும் இசையில் கை வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். டிஏசியில் மாதிரி வேகத்தைக் காட்டும் திரையோ விளக்கோ இருந்தால் சோதனை எளிது. சிடியில் இருந்து எடுத்த கோப்பை ஓட்டுங்கள். 44.1 என்று காட்டினால் வேகம் மாறாமல் வருகிறது. 48 என்று காட்டினால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இது அடிக்கடி நடக்கும். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற செயலிகள் அந்த மாற்றத்தைத் தாண்டி நேராக டிஏசிக்கு அனுப்பும்.

விண்டோஸில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் என்ற முறையைத் தேர்ந்தால், எல்லா ஒலிகளையும் கலந்து அனுப்பும் விண்டோஸின் மிக்ஸர் விலகி நிற்கும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ என்ற அருமையான மென்பொருள், அந்த எக்ஸ்க்ளூசிவ் முறையில் வேலையே செய்யாது. மிக்ஸரைத் தாண்டிப் போகும் இன்னொரு வழியான ஏஎஸ்ஐஓவிலும் அப்படித்தான். திரையில் ஃபில்டர் வரைபடம் அழகாகத் தெரியும், இசையோ அதைத் தொடாமல் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும். ஏபிஓவைப் பயன்படுத்த விரும்பினால், எக்ஸ்க்ளூசிவ் அல்லாத பொது முறையிலேயே இருங்கள். நீங்கள் கேட்பது பெரும்பாலும் சிடி என்றால் விண்டோஸ் அமைப்பில் டிஏசியின் வேகத்தை 44.1 என்று நிறுத்திவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் உள்ள டோன் குமிழ்கள், லவுட்னெஸ், செயலியின் ‘பாஸ் பூஸ்ட்’, ஸ்பீக்கர் சுவிட்ச் எல்லாவற்றையும் நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

மூன்றாம் படி: உங்கள் அறையைப் படியுங்கள்

டெல்டாவில் வீடுகள் இரண்டு விதம். பழைய வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், நடுவே வானம் பார்த்த முற்றம். கூடத்தில் ஸ்பீக்கர் வைத்தால் தாழ்ந்த ஒலி முற்றத்தின் வழியே வெளியேறிவிடும். தேங்கி நிற்பது குறைவு, ஓட்டுக்கூரையும் ஒலியைச் சிதறடிக்கும். அப்படிப்பட்ட கூடத்தில் பெரிய அறைத் திருத்தம் எதுவும் தேவைப்படாமல் போகலாம். புதிய வீட்டின் மாடி அறை வேறு கதை. நான்கு பக்கமும் கான்கிரீட்டும் செங்கல்லும், தரையில் வழவழப்பான டைல்ஸ், ஒரே ஒரு சிறிய ஜன்னல். தாழ்ந்த ஒலிக்குப் போக்கிடமே இல்லை.

எந்தெந்த அதிர்வெண்ணில் தேங்கும் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் வேகத்தில் போகிறது. அதில் பாதி, அடிக் கணக்கில், ஏறத்தாழ 573. இந்த எண்ணை எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் உள்ள அடியால் வகுத்தால் போதும். 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறைக்கு 41, 48, 57 ஹெர்ட்ஸ் என்று வரும். அவற்றின் இரட்டிப்பு 82, 95, 115.

இதை இசையோடு பொருத்திப் பாருங்கள். ஐந்து கட்டையில் பாடும் பாடகியின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜம் அதில் பாதி, 98. அறையின் அகலம் தேக்கும் 95-க்கு மிக அருகில் அது விழுகிறது. விளைவை இப்போதே கேட்டுவிடலாம். தம்புரா சுருதி மட்டும் உள்ள பதிவை ஓட்டிவிட்டு, ஒரு பக்கச் சுவரில் இருந்து மறுபக்கச் சுவருக்கு மெதுவாக நடங்கள். சுவரருகில் மந்தரம் வீங்கி நிற்கும். மூன்றடி நகர்ந்ததும் யாரோ தந்தியைக் கையால் பிடித்ததுபோல் இளைத்துவிடும். அறையின் நடுவில் மறுபடியும் வீங்கும். பிறகு மறுபடி இளைக்கும். பஞ்சமத் தந்தியும் சாரணைகளும் அவ்வளவாக மாறுவதில்லை. பாடகரும் தம்புராவும் அப்படியே இருக்க, மாறுவது நீங்கள் நிற்கும் இடம் மட்டுமே. ஒன்றரைக் கட்டையில் பாடுகிறவரின் மந்தர ஷட்ஜம் 69 ஹெர்ட்ஸ். அதே அறையில் அது 57-க்கும் 82-க்கும் நடுவே விழுவதால் தொல்லை இல்லாமல் போய்விடலாம். ஒரு கச்சேரி நன்றாக இருக்கிறது, இன்னொன்று கும்மென்று இருக்கிறது என்றால் பதிவைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கு ஃபில்டர் போடும் முன்பே ஒரு தீர்வையும் தருகிறது. நாற்காலியைப் பின்சுவரில் ஒட்டிப் போடாதீர்கள், அறையின் சரிநடுவிலும் போடாதீர்கள். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போட்டால் பாதிச் சிக்கல் குறையும்.

டைல்ஸ் தரையில் நாகஸ்வரம் காதைக் குத்துகிறது என்று ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸை இறக்குகிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் அந்த வாத்தியம் இயல்பிலேயே பிரகாசமானது; கோயில் பிராகாரத்திலும் வீதியுலாவிலும் தூரம் வரை கேட்க வேண்டியது. குத்துவது வாத்தியம் அல்ல, சுவருக்குச் சுவர் தெறிக்கும் எதிரொலி. எதிரொலி என்பது காலத்தில் நடக்கும் சிக்கல், எந்த ஃபில்டரும் அதை எடுக்காது. கனத்த திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், புத்தகம் நிறைந்த அலமாரி, பஞ்சு மெத்தை வைத்த திவான் ஆகியவை எடுக்கும். அறைத் திருத்த ஃபில்டரின் எல்லை ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான்.

நான்காம் படி: அளந்து பாருங்கள்

காதால் மட்டும் இதைச் செய்ய முடியாது. ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும், யூமிக்-1 போன்ற யூஎஸ்பி அளவீட்டு மைக்கும் வேண்டும். அந்த மைக்கின் வரிசை எண்ணைக் கொண்டு அதற்கே உரிய திருத்தக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். இரண்டு கோப்புகள் இருக்கும். மைக்கைக் கூரையை நோக்கி நிறுத்தினால் 90 டிகிரிக் கோப்பைப் பயன்படுத்துங்கள். கைப்பேசியின் மைக்கைத் தாழ்ந்த ஒலிக்கு நம்ப வேண்டாம். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மைக் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்ல ஏற்பாடு. ஒருவருக்கு அது வருடத்தில் ஓரிரு தடவைதான் தேவைப்படும்.

ஃபேனை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தால் அதையும் சற்று நேரம் நிறுத்துங்கள். கிராமத்தில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் வயல் மோட்டார்கள் ஓடும். அந்த உறுமல் 50, 100 ஹெர்ட்ஸில் அளவீட்டுக்குள் புகுந்துவிடும். மோட்டார் நின்ற பிறகு அளவெடுங்கள். மழைக்காலத் தவளைச் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாழ்ந்த ஒலி அளவீட்டை அது கெடுப்பதில்லை.

மைக்கை நீங்கள் உட்காரும் இடத்தில், காதின் உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நாற்காலியின் முதுகு உயரமாக இருந்தால் நாற்காலியை அகற்றிவிடுங்கள். ஒலியளவை 75 டெசிபெல் அளவில் வையுங்கள். இடது ஸ்பீக்கரைத் தனியாகவும் வலதைத் தனியாகவும் அளக்க வேண்டும். பிறகு தலையைச் சுற்றி ஓரடி இடைவெளியில் இன்னும் சில இடங்களில் அளந்து, சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே புள்ளியில் அளந்து போட்ட ஃபில்டர், தலையைச் சற்றுச் சாய்த்தாலே பொருந்தாமல் போகும்.

வரைபடத்தில் மேடுகளும் பள்ளங்களும் தெரியும். கணக்குப் போட்டு வைத்த எண்களுக்கு அருகிலேயே மேடுகள் நிற்பதைப் பார்ப்பது ஒரு தனி மகிழ்ச்சி. கும்பகோணத்தில் நண்பர் ஒருவரின் மாடி அறையில் அளந்தபோது, 12 அடி அகலத்துக்கு உரிய 48 ஹெர்ட்ஸிலும் 95-லும் இரண்டு கூர்மையான மேடுகள், அவற்றுக்கு இடையில் ஒரு ஆழமான பள்ளம். நண்பர் முதலில் கேட்டது அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியுமா என்றுதான்.

முடியாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்பீக்கரில் இருந்து நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம் பள்ளம். அங்கே ஒலியைக் கூட்டினால் இரண்டு அலையும் சேர்ந்தே கூடும், அழிவும் அப்படியே கூடும். ஆம்ப்ளிஃபயர்தான் பாடுபடும். 3 டெசிபெல் கூட்டினால் சக்தி இரண்டு மடங்கு வேண்டும், 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவது. மேட்டை மட்டும் வெட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஃபில்டரை உருவாக்குங்கள்

ஆர்இடபிள்யூவின் ஈக்யூ சாளரத்தில் வேலை செய்யும் எல்லையை 30 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை என்று குறியுங்கள். கூட்டும் அளவின் உச்சத்தைப் பூஜ்யமாக வையுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து ஃபில்டர்கள் போதும். பதினைந்து போட்டால் வரைபடம் கோடு போட்டதுபோல் தெரியும், இசை உயிரற்றுப்போகும். கோட்டை முற்றிலும் சமமாக்கவும் வேண்டாம். தாழ்ந்த பக்கம் சில டெசிபெல் உயர்ந்து, மேலே போகப் போக மெதுவாகச் சரிவதுதான் அறையில் காதுக்கு இயல்பாக இருக்கும்.

இதோடு இன்னொரு ஃபில்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டும் ஹை-பாஸ். திருவையாற்று ஆராதனை போன்ற பந்தல் நிகழ்ச்சிகளின் நேரடிப் பதிவுகளில் காற்று மைக்கில் மோதும் சத்தமும், மேடைப் பலகை அதிரும் சத்தமும் இசைக்குக் கீழே புதைந்திருக்கும். அது காதுக்குத் தெரியாது. ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு வீணாக முன்னும் பின்னும் ஆடி, அதன் மேலே வரும் தொப்பியின் நாதத்தையும் கலக்கிவிடும். எல்பி தட்டு கேட்கிறவர்களுக்கு இது கட்டாயம் தேவை.

ஃபில்டரில் இரண்டு இனம் உண்டு. ஐஐஆர் என்பது சில எண்களிலேயே முடிந்துவிடும் எளிய வகை. தாமதம் அநேகமாக இல்லை. எஃப்ஐஆர் என்பது ஆயிரக்கணக்கான எண்களின் வரிசை. எதையும் செய்யும், ஆனால் தாமதம் உண்டு. 65,536 எண்கள் கொண்ட லீனியர் ஃபேஸ் ஃபில்டர், 44.1 கிலோஹெர்ட்ஸில் முக்கால் நொடி தாமதிக்கும். டிவியில் வாய் அசைந்து முடித்த பிறகு பேச்சு வரும். அதைவிடப் பெரிய குறை, தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆழமாக வெட்டும் லீனியர் ஃபேஸ் ஃபில்டர், அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய உறுமலை எழுப்பும். டிஏசியில் 22 கிலோஹெர்ட்ஸில் கவலைப்படத் தேவையில்லை என்று சொன்ன அதே முன்னதிர்வு, 50 ஹெர்ட்ஸில் நன்றாகவே கேட்கும். தவில் தனியைக் கேட்டால் தெரிந்துவிடும். கழியின் அடி தன் கூர்மையை இழந்திருக்கும். அறையின் தேக்கத்துக்கு ஐஐஆர்தான் பொருத்தம். சரியாகப் பொருந்திய ஐஐஆர் மேட்டைக் குறைப்பதோடு, அந்த அதிர்வெண் இழுத்துக்கொண்டே போவதையும் சேர்த்தே குறைக்கும்.

ஆறாம் படி: எங்கே வைப்பது

இப்போதுதான் தலைப்புக் கேள்விக்கு வருகிறோம். நீர்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஒரு வயலுக்கு மட்டும் உரியதை அந்த வயலின் மடையில் கட்டுப்படுத்துகிறோம், எல்லா வயலுக்கும் உரியதை வாய்க்கால் தலைப்பு மதகில் கட்டுப்படுத்துகிறோம். அறையின் குறை எல்லா இசைக்கும் பொது. ஆகவே திருத்தம், எல்லா ஒலியும் கடந்தே தீர வேண்டிய பொது இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த இடம் எது என்பதுதான் கேள்வி.

பாட்டெல்லாம் ஒரே கணினியில் இருந்தோ, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் இருந்தோ வருகிறது என்றால், அந்தக் கணினியேதான் பொது இடம். திருத்தத்தை அங்கேயே செய்யுங்கள். கணக்குப் போடும் திறன் தாராளமாக இருக்கிறது, கூடுதல் பெட்டி இல்லை, கூடுதல் கம்பி இல்லை. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆர்இடபிள்யூ எழுதித் தரும் ஃபில்டர் கோப்பை அப்படியே வாசித்துக்கொள்ளும். ராஸ்பெரி பையில் பாட்டை ஓட்டும் மூட் ஆடியோ என்ற மென்பொருளோடு, ஃபில்டர் போடும் கமில்லா டிஎஸ்பி சேர்ந்தே வருகிறது. அதேபோன்ற வால்யூமியோ மென்பொருளில் ஃப்யூஷன் டிஎஸ்பி என்ற இணைப்பு இருக்கிறது. ஐஐஆர் ஃபில்டர்களை அதிர்வெண், அளவு, அகலம் என்று எண்களாகக் கொடுப்பதால், 44.1-இல் இருந்து 96-க்கு மாறினாலும் மென்பொருள் தானே மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். எஃப்ஐஆர் கோப்பாக இருந்தால் ஒவ்வொரு வேகத்துக்கும் தனிக்கோப்பு வேண்டும்.

டிவியும் உண்டு, அப்பா சேர்த்து வைத்த கேசட்டுகளும் உண்டு, ஒரு எல்பி பிளேயரும் உண்டு என்றால் கணினி பொது இடம் அல்ல. கணினியில் போட்ட திருத்தம் கேசட்டுக்கு வராது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு உள்ள இடத்துக்குப் போக வேண்டும். ப்ரீ ஆம்ப்ளிஃபயருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, ஃபில்டர் போடுவதற்கென்றே உள்ள மினிடிஎஸ்பி போன்ற ஒரு பெட்டி. ஒரே ஆம்ப்ளிஃபயர் என்றால் அதன் பின்புறத்தில் ப்ரீ-அவுட், மெயின்-இன் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் டேப் மானிட்டர் என்ற வளையம் இருக்கும், பெட்டியை அதில் நுழைக்கலாம். டைராக் லைவ் போன்ற திருத்தம் உள்ளேயே அமைந்த ஆம்ப்ளிஃபயரும் இதே இடத்தில் இருப்பதுதான்.

கேசட்டின் அனலாக் ஒலியை எண்ணாக்கி மறுபடி அனலாக் ஆக்குவதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. இன்றைய மாற்றிகளின் இரைச்சல், கேசட் நாடாவின் இரைச்சலுக்கு மிக மிகக் கீழே இருக்கிறது. 48 ஹெர்ட்ஸில் நிற்கும் பெரிய மேட்டை அகற்றுவதற்கு அது மிகச் சிறிய விலை. மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டி எல்லாவற்றையும் 96 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வேலை செய்கிறது. அதற்காகவும் வருந்த வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டியைப் போட்டபின் கணினியில் 352.8-க்கு உயர்த்தி அனுப்புவதில் எந்தப் பொருளும் இல்லை.

பவர் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால், அதனுள்ளேயே டிஎஸ்பி, அதாவது ஃபில்டர்களைக் கணக்கிடும் சில்லு, இருக்கக்கூடும். எல்லாம் கடந்தே தீர வேண்டிய கடைசி இடம் அதுதான் என்பதால் அங்கேயே அறைத் திருத்தத்தைச் செய்யலாம். போதுமான ஃபில்டர்களைத் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சப்-ஊஃபருக்குப் பங்கிடும் வேலை எப்போதும் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு முந்தைய கடைசி டிஜிட்டல் பெட்டியில்தான். அறைத் திருத்தமும் பங்கீடும் ஒரே பெட்டியில் அமைந்தால் நல்லது.

ஒரு பதிவுக்கு மட்டும் உரிய திருத்தம் இதிலிருந்து வேறு. பழைய 78 தட்டில் இருந்து எடுத்த நாகஸ்வரக் கோப்பின் கீச்சொலியைக் குறைக்க வேண்டும் என்றால் அது அந்தக் கோப்புக்கு உரியது. பிளேயரில், அந்தப் பாட்டு ஓடும்போது மட்டும் செய்யுங்கள். பொதுப் பெட்டியில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஏழாம் படி: வரிசையும் இடைவெளியும்

ஒரே மென்பொருளுக்குள்ளும் வரிசை முக்கியம். மாதிரி வேகத்தை மாற்றுவதாக இருந்தால் முதலில் அது, பிறகு அறைத் திருத்தம், பிறகு பங்கீடு, கடைசியில் ஒலியளவு. தொடக்கத்திலேயே ஒட்டுமொத்த அளவை 3 டெசிபெல் இறக்கிவிடுங்கள். உரக்க மாஸ்டர் செய்யப்பட்ட பதிவுகளில், இரண்டு மாதிரிகளுக்கு நடுவே உள்ள உண்மையான அலை உச்சம் முழு அளவைத் தாண்டியிருக்கும். மாதிரி வேகத்தை உயர்த்தும்போது அந்த உச்சம் வெளிப்பட்டு மொட்டையாக வெட்டுப்படும். வெட்ட மட்டுமே செய்யும் ஃபில்டர்கூட அலையின் வடிவத்தை மாற்றுவதால் சில இடங்களில் உச்சம் உயரும். 3 டெசிபெல் என்பது 24 பிட் டிஏசியில் அரை பிட் இழப்பு, காதுக்குத் தெரியாது. குறைந்த ஒலியை ஆம்ப்ளிஃபயரின் குமிழில் ஈடுகட்டிக்கொள்ளுங்கள்.

மின்வெட்டை மறந்துவிடாதீர்கள். ராஸ்பெரி பை ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அதன் எஸ்டி கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. சிறிய யூபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். ஃபில்டர் எண்களை ஒரு தாளில் எழுதியோ வேறு கணினியில் நகலெடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் திரும்பி வரும்போது கருவி எந்த ஒலியளவில் விழிக்கிறது என்பதையும் சோதியுங்கள். ஒலியளவை டிஜிட்டலில் கட்டுப்படுத்தும் அமைப்பு, சில சமயம் முழு அளவில் விழித்துக்கொள்ளும். பவர் ஆம்ப்ளிஃபயர் நேரடியாக இணைந்திருந்தால் முதல் பாட்டிலேயே ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலியைத் தரும் ட்வீட்டர் போய்விடும். தொடக்க ஒலியளவையும் உச்ச ஒலியளவையும் அமைப்பில் நிர்ணயித்துவிடுங்கள்.

எட்டாம் படி: சரிபார்ப்பு

ஃபில்டரைப் போட்ட பிறகு மறுபடி அளந்து, மேடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் ஃபில்டர் வழியில் இல்லை. மேடு இருந்த இடத்தில் இரண்டு மடங்கு பள்ளம் விழுந்திருந்தால் இரண்டு இடத்தில் திருத்தம் ஓடுகிறது.

பிறகு காதால் கேளுங்கள். ஃபில்டர் போட்டால் ஒலி சற்றுக் குறைந்துவிடுவதால், அது இல்லாததுதான் நன்றாக இருப்பதாக முதலில் தோன்றும். இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் நல்ல சோதனை. ரவைப் பசை அப்பிய தொப்பியில் கும்காரம் எழுந்து, வளைந்து, அடங்க வேண்டும். அடங்குவதற்கு முன் அடுத்த அடி அதன் மேல் ஏறிக் குழம்பினால் மேடு இன்னும் இருக்கிறது. தொப்பியே மெலிந்து வலந்தலை மட்டும் கேட்டால் அதிகமாக வெட்டிவிட்டீர்கள். இரண்டு டெசிபெல் திருப்பிக் கொடுங்கள்.

கோடையில் அறை 38 டிகிரிக்குப் போகும், மார்கழி அதிகாலையில் 24-க்கு வரும். ஒலியின் வேகம் அதற்கேற்ப இரண்டு சதவீதத்துக்கு மேல் மாறுவதால், 47 ஹெர்ட்ஸில் இருந்த மேடு 48-க்கு நகர்ந்துவிடும். ஊசிபோல் குறுகிய ஃபில்டராக இருந்தால் பருவம் மாறும்போது குறி தப்பிவிடும்; அகலத்தைக் குறிக்கும் க்யூ எண்ணை எட்டுக்கு மேல் போக விடாதீர்கள். வெப்பத்தைவிட ஜன்னலும் கதவும் செய்யும் மாற்றம் பெரிது. திறந்த கதவு வழியே தாழ்ந்த ஒலி வெளியேறுவதால், மூடிய அறையில் அளந்து போட்ட ஃபில்டர் திறந்த அறையில் அதிகமாகிவிடும். வருடத்தில் பாதி நாள் மாலைக் காற்றுக்காக எல்லாவற்றையும் திறந்து வைத்துக் கேட்கிறவர்கள், இரண்டு நிலையிலும் தனித்தனியாக அளந்து இரண்டு அமைப்புகளாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டியில் அதற்கென நான்கு இடங்கள் உண்டு. கமில்லா டிஎஸ்பியில் வேண்டிய அளவு கோப்புகளை வைத்துக்கொண்டு, உட்காருவதற்கு முன் உரியதைத் தேர்ந்துகொள்ளலாம்.